ஜொகூர் நீரிணையைக் கடந்து

சென்ற விடுமுறையில் தாயாருடன் சிங்கப்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பஸ்ஸிற் சென்றேன். அவ்வழிப் பிரயாணிகள் இருமுறை இறங்கியேற வேண்டும். முதலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி. அங்கே கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும், பெட்டிகள் வண்டியிலேயே இருக்கலாம். அப்பால், 1924-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கடலிடைப் பாதை. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றரே. விடுமுறைக் காலத்தில் அதனைக் கடக்க மணிக்கணக்காகும். அருகே செல்லும் பெருங்குழாய்கள் ஜொகூர் நீரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசெல்வன. 1963 முதல் 1965 வரை இரு கரைகளும் ஒரே நாடாயிருந்தன என்பதை நினைக்க வியப்பாயிருந்தது.

மறுகரையிற் பெட்டிகளையும் சுமந்துகொண்டே இறங்கவேண்டும். அம்மாவுக்கோ முழங்கால் வலி. வரிசை நீண்டது. நெடுநேரம் காத்திருக்க இயலாதென்று சாரதி முன்னரே எச்சரித்திருந்தார்.

"தம்பி, நீ முன்னாலே போய் வண்டியை மறித்து நில், நான் மெல்ல வாறன்" என்றார் அம்மா. அந்நிய நாட்டின் வாயிலில் அவரைத் தனியே விட மனம் ஒப்பவில்லை.

சோதனை முடிந்து கீழே வந்தால், ஒரே நிறத்தில் எத்தனையோ பஸ்கள்! எங்களுடையது எது? வண்டி எண்ணை நான் கவனித்திலேன். அம்மா பயணச்சீட்டின் பின்புறத்தில் அதைக் குறித்து வைத்திருந்தார்.

எங்களைக் கண்ட சாரதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னர் இறங்கிவந்து, அம்மாவின் பெட்டியைத் தாமே வாங்கிக்கொண்டார்.