முரசும் முதுகும்

“அடியுங்கள்!” என்றோம். அடித்தனர். இருபது சிறுவர் சிறுமியர், கையிலே கோல், எதிரே முரசு. எழுந்தது இசையல்ல, இரைச்சல்! ஒசாகா நகரத்துப் பள்ளியொன்றில், ‘தைக்கோ’ எனும் ஜப்பானிய முரசைக் கற்பிக்க நாம் புகுந்த முதல் நாள் அது. முரசு அடிக்க நமக்குத் தெரியும்; அடிக்கக் கற்பிக்கத் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

குற்றம் எவருடையது? பிள்ளைகளுடையதா? அல்ல, நம்முடையது. கரும்பலகை நிறையக் குறியீடுகளை எழுதினோம். கால அளவை விளக்கினோம். அறிவை அள்ளிக் கொட்டினோம். அவர்தம் கையில் அணுவளவும் ஒட்டவில்லை. பின்வரிசையில் அமர்ந்து பார்த்திருந்த முதிய ஆசான், வகுப்பு கலைந்ததும் ஒன்றே சொன்னார்: “வாய் பாடாததைக் கை அடிக்காது.”

ஆம்! தைக்கோ ஏட்டில் பிறந்த கலையன்று. வாயில் வளர்ந்த கலை. ‘டொன்’ என்றால் தோலின் நடுவே விழும் ஓங்கிய அடி. ‘டொகோ’ என்றால் அடுத்தடுத்த இரண்டடி. ‘கா’ என்றால் விளிம்பிலே கோல் மோதும் ஒலி. ‘சு’ என்றால் அடியே இல்லை. வாய் சொல்லும், கை காத்திருக்கும். மறுநாள் முரசை மூலையில் வைத்தோம். பிள்ளைகள் பாடினர், பாடிக்கொண்டே தொடையில் தட்டினர். மூன்றாம் நாள், பழைய மோட்டார் டயர்களின்மேல் ஒட்டுநாடாவை இறுகச் சுற்றி, அவற்றை அடிக்கச் செய்தோம். இடக்கால் முன்னே, முழங்கால் சற்றே மடங்க, வலிமை தோளிலிருந்தன்று, இடுப்பிலிருந்து என்று காட்டினோம். நான்காம் நாள் முரசுக்குத் திரும்பினோம். இரைச்சல் இசையாயிற்று!

“இது ஆயிரமாண்டுப் பழமையா?” என்று ஒரு மாணவன் கேட்டான். முரசு பழையதுதான், 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பொம்மையொன்று முரசடித்து நிற்கிறது. ஆனால் பல முரசுகளை அணிவகுத்து மேடையில் முழக்கும் இந்த முறை? நகானோ மாநிலத்து ஜாஸ் இசைஞர் ஒகுச்சி டைஹாச்சி, 1951இல் பழைய முரசுக் குறிப்பொன்றைப் பெற்று, அதைச் சிறிதும் பெரிதுமான பல முரசுகளுக்குப் பகிர்ந்தளித்ததால் வளர்ந்தது. பழமை எனப் போற்றப்படுவது பலருடைய தாத்தாவைவிட இளையது! பிள்ளைகள் சிரித்தனர். “பெண் பெரிய முரசைத் தொடலாகாது என்கிறாரே பாட்டி?” என்றாள் ஒருத்தி. கோலை நீட்டினோம். அடித்தாள். முரசு மறுப்புச் சொல்லவில்லை, முழங்கியது!

இவ்வளவு வெற்றியில் இறுமாந்திருந்த வேளையில்தான் இடறி விழுந்தோம். “இதைச் செய்தவர் யார்?” என்று ஒரு குரல். கெயாகி எனும் மரத்தின் தண்டைக் குடைந்து, இரு வாயிலும் மாட்டுத்தோலை இழுத்து ஆணியடிக்கிறார்கள் என்றோம். “யார் அடிக்கிறார்கள்?” “கைவினைஞர்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினோம். மூன்றாம் வரிசையிலே ஒரு சிறுமி தலை கவிழ்ந்ததைக் கண்டோம், காரணம் கேட்கவில்லை. அவள் பாட்டனார் முரசுக்குத் தோல் பூட்டுபவர் என்று ஆசான் பின்னர்ச் சொன்னார்.

தெரியாமலா தாவினோம்? தெரிந்தே தாவினோம்! தோல் பதனிட்டவரை டொக்குகவா ஆட்சி தீண்டத்தகாதாராக ஒதுக்கியது. ‘அழுக்கு மிகுந்தோர்’ எனப் பொருள்படும் எழுத்துகளால் அவர்களுக்குப் பெயரும் இட்டனர். 1871இல் அரசு அந்த இழிநிலையைச் சட்டத்தில் ஒழித்தது, மனத்தில் ஒழிக்கவில்லை. 1922இல் கியோட்டோ நகரில் அம்மக்கள் தாமே கூடி, ‘சுயிஹெய்ஷா’ எனும் சமத்துவச் சங்கம் கண்டனர். ஒசாகாவின் நனிவா வட்டாரம் முரசுத் தொழிலுக்குப் பேர்போனது. அடிப்பவனுக்கு மேடை, செய்தவனுக்கு ஒதுக்கிடம் என்ற முறைகேட்டைக் கண்டு கொதித்த அவ்வட்டார இளைஞர், 1987இல் தாமே முரசெடுத்தனர். குழுவுக்கு என்ன பெயரிட்டனர்? ‘இகாரி’. பொருள், சினம்!

மாடு செத்தால் தோல் தீட்டு. அதே தோல் கோயில் முரசில் ஏறினால் தூய்மை. தோலை அங்கே ஏற்றிய கை மட்டும் என்றென்றும் தீட்டு! இந்தக் கணக்கை எந்த அறிவு ஒப்பும்? முரசின் முகத்தைக் காட்டினோம்; அதைச் சுமந்த முதுகை மறைத்தோம். அந்தக் கணக்குக்கு நாமும் கையொப்பமிட்டோம் அல்லவா?

அடுத்த வகுப்பில் கோலை எடுக்கச் சொல்லவில்லை. எவரையும் சுட்டாமல், எல்லா வரலாற்றையும் சொன்னோம். “சென்ற வாரம் பாதி உண்மை சொன்னோம், அது பிழை” என்று ஒப்புக்கொண்டோம். அறை அமைதியாயிற்று. அந்த அமைதியிலே ஒரு சிறு கை உயர்ந்தது.

“தோலை இழுத்துக் கட்டியபின், தாத்தா அதன்மேல் ஏறி நின்று மிதிப்பார். மிதித்து மிதித்து, அடித்துக் கேட்பார். ஒலி சரியில்லையென்றால் மறுபடி இழுப்பார். மிதிக்காத தோல் பேசாது.”

பத்தொன்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. “நாங்கள் வந்து பார்க்கலாமா?” என்றான் ஒருவன். அவள் நம்மைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “கேட்டுச் சொல்கிறேன்” என்றாள்.

அன்று பயிற்சி தொடங்குமுன் வழக்கம்போல் பிள்ளைகள் முரசுக்குத் தலைவணங்கினர். யாருக்கு வணங்குகிறோம் என்பது அன்றுதான் அவர்களுக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. தோழர்களே, அடியைக் கற்பிக்க நான்கு நாள் போதும். அதற்குப் பின்னால் நிற்கும் மனிதனைக் கற்பிக்கத்தான் ஆசிரியன் தேவை!