பட்டனும் குவளையும்

எங்கள் ஊர் குன்னத்துக்குப் பக்கம். பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமி. இந்த மண்ணின் தூசு சோற்றில் விழும், கண்ணில் விழும், பாட்டுப் பெட்டிக்குள்ளும் புகும்.

எங்கள் சேரிக்கு முதல் ஸ்டீரியோ செட் 2003இல் வந்தது. குவைத்தில் கூலி வேலை பார்த்த சித்தப்பா கொண்டுவந்தார். ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளுக்குத் தெருவில் அதைத்தான் போடுவோம். நாலைந்து வருசத்தில் கோளாறு வந்துவிட்டது. பாட்டுப் போடுகிற பட்டனை அமுக்கினால் சத்தம் கூடும். நிறுத்துகிற பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது. டவுன் கடையில், "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மாமன்தான் அதைத் திறந்தார். ரேடியோ கடையில் கூட்டிப் பெருக்கப் போய், பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். "போர்டு போவலடா மாப்ள, சுச்சுதான் போச்சு" என்றார்.

நாம் வெளியே அமுக்குவது வெறும் பிளாஸ்டிக் மூடி. அதன் பின்னால் போர்டில் 6 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு கால் வைத்த சின்ன சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு உலோகத் தகடு. அமுக்கினால் வளைந்து கீழே தொடும், மின்சாரம் போகும். தூசும் ஈரமும் சேர்ந்து களிம்பு ஏறினால் தொட்டும் தொடாத மாதிரி ஆகிவிடும். பல செட்டுகளில் பட்டனுக்கு ஒரு கம்பி கிடையாது. வரிசையாக ரெசிஸ்டர் வைத்து எல்லாவற்றையும் ஒரே கம்பியில் சேர்த்திருப்பார்கள். வருகிற வோல்டேஜ் அளவை வைத்துத்தான் எந்தப் பட்டன் என்று சிப் கண்டுகொள்ளும். களிம்பால் அளவு மாறினால் ஒன்றை அமுக்க இன்னொன்று வேலை செய்யும். எண்ணெய் விட்டால் நாலு நாள் ஓடும். ஈயத்தை உருக்கிப் பழையதை எடுத்துவிட்டு, எந்த இரண்டு கால் உள்ளே சேர்ந்திருக்கிறது என்று மீட்டரில் பார்த்துப் புதியதை வைப்பதுதான் வைத்தியம். அப்போது ஒரு சுவிட்ச் இரண்டு ரூபாய்.

நானும் கற்றுக்கொண்டேன். எம்.ஏ. தமிழ் படிக்கும்போது பஸ் காசுக்கு இதுதான் வழி.

2009இல் ஊர்த்தெருவில் ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். செட்டை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்குத் தரையில் ஒரு சாக்கு. ஐந்து சுவிட்ச் மாற்றினேன். ஒவ்வொரு பட்டனையும் துடைத்து, அமுக்கிப் பார்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரரும் அமுக்கிப் பார்த்தார். பாட்டு வந்தது. "பய கெட்டிக்காரன்தான்" என்றார்.

அப்புறம் டீ வந்தது. எறவாணத்தில் சொருகியிருந்த நசுங்கிய அலுமினியக் குவளையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மேலேயிருந்து ஊற்றினார்கள். "குடிச்சிட்டுக் கழுவி அங்கயே சொருவிடு."

என் விரல் பட்ட பட்டனை அந்த வீட்டு விரல்கள் தினமும் தொடும். என் வாய் பட்ட குவளையை மட்டும் தொடாது. தீண்டாமையை ஒழித்துவிட்டோம் என்று அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படித்திருந்த நான் என்ன செய்தேன்? குடித்தேன். கழுவினேன். சொருகினேன். இதை எழுதவே எனக்கு இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "துட்டு வந்துச்சில்ல, அதப் பாரு" என்றாள். அவள் பார்க்காத குவளையா?

அதன்பிறகு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. "செட்ட எங்க தெருவுக்குக் கொண்டாங்க, பாத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். திமிர் என்றார்கள். பலர் டவுனுக்கே தூக்கிப் போனார்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டுப் பையன் மறுபடி செட்டோடு வந்தான். சேரி முனையிலேயே நின்று கூப்பிட்டான். "உள்ள வாங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான், எங்கள் திண்ணையில் உட்கார்ந்தான்.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்றான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் எதிரிலேயே அந்தத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு உள்ளே போனாள். நான் சேரியில் வாங்குகிற அதே கூலியை வாங்கிக்கொண்டு செட்டைக் கொடுத்தேன்.