ஹாங்காங்கில் கடுங்குளிர்

1

ஜனவரியில் ஹாங்காங் போகிறவர்களிடம் ஒரு ஸ்வெட்டர் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது உண்மையும்கூட. அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை 16 டிகிரி. கல்கத்தா இருக்கிற அதே அட்சரேகைப் பக்கம்தான் இந்த ஊரும் இருக்கிறது, கடகரேகைக்குத் தெற்கே. நானும் ஒரு ஸ்வெட்டரோடுதான் போனேன்.

2016 ஜனவரி 23, சனிக்கிழமை இரவு. நேதன் சாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. நடைபாதையில் போனவர்கள் எல்லோரும் தலை முதல் முழங்கால் வரை பஞ்சுக் கோட்டுக்குள் இருந்தார்கள். காதை மூடாத ஆள் நான் ஒருவன்தான். அறைக்குப் போய்விட்டால் சரியாகிவிடும் என்று விடுதி இருந்த பழைய கட்டடத்தைத் தேடிப் பிடித்து ஒன்பதாம் மாடிக்கு ஏறினேன்.

அறைக்குள் வெளியைவிடக் குளிராக இருந்தது. தரையில் ஓடு பதித்திருந்தார்கள். ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, அதன் விளிம்பு வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு வந்தது. கட்டில் விரிப்பைத் தொட்டால் ஈரத்துணியைத் தொட்டது போல் இருந்தது. முன்பதிவு செய்தபோது, அறையில் ஹீட்டர் உண்டு என்று எழுதியிருந்தார்கள். அச்செடுத்த தாள் என் கையில் இருந்தது. விடுதிக்காரரிடம் காட்டினேன். அவர் சுவரில் இருந்த ஏ.சி.யைக் காட்டினார். போட்டுப் பார்த்தேன். அது குளிர்காற்றை மட்டும்தான் ஊதியது.

"இது ஹீட்டர் இல்லையே" என்றேன்.

"ஹீட்டர் வேண்டுமென்றால் தனி. ராத்திரிக்கு 100 டாலர். முன்பணம் 300."

ஹாங்காங் டாலர்தான். ஆனாலும் 100 டாலர் என்பது அப்போது நம் பணத்தில் 850 ரூபாய்க்கு மேல். இரவு பதினொரு மணிக்கு அந்தக் குளிரில் வேறு விடுதி தேடிப் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொடுத்தேன். ஒரு பழைய எண்ணெய் ஹீட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். பிளக்கைச் செருகி, கையை நீட்டிச் சூட்டுக்குக் காத்திருந்தேன். இரும்பு இளஞ்சூடாகிற நேரம் பார்த்து மாடி முழுக்க இருட்டாகிவிட்டது.

கதவுகள் திறந்தன. இரண்டு கொரியப் பெண்கள் செல்போன் வெளிச்சத்தோடு வந்தார்கள். ஆப்பிரிக்க வியாபாரி ஒருவர் பாதிச் சவரத்தோடு வந்து நின்றார். விடுதிக்காரர் நேராக என்னிடம் வந்து, கெட்டிலையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் என்று கத்தினார். கெட்டிலை நான் தொடவே இல்லை. வயர் பழசு, ஹீட்டர் பழசு, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஃபியூஸ் போட ஆள் கூப்பிடுகிற செலவையும் நான்தான் தர வேண்டும் என்றார். எனக்கும் குரல் உயர்ந்துவிட்டது. ஒருவரை அவசரத்தில் பிடித்துவைத்துக்கொண்டு விலை சொல்வதை என்னால் வியாபாரம் என்று ஏற்க முடியாது.

அப்போது எதிர் அறைக்கதவு திறந்து, டார்ச் விளக்கோடு ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைத் தாடி, தலையில் கம்பளித் தொப்பி. நான் கோபத்தில் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"நமக்குக் காயல்பட்டணம். கொஞ்சம் சும்மா இரிங்க, நான் பேசுறேன்."

காயல்பட்டினத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஊரில் ரத்தினக்கல் வியாபாரம் செய்கிறார்கள். அவருக்கும் அதே தொழில்தான். எதிர் அறைதான் அவருடைய அலுவலகம். அவர் கன்டோனீஸ் பேச ஆரம்பித்ததும் விடுதிக்காரரின் முகமே மாறிவிட்டது. ஏற்ற இறக்கத்தோடு ஐந்து நிமிடம் பேச்சு நடந்தது. 300 டாலர் முன்பணம் என் கைக்கு வந்தது. அந்த 100 டாலர் கடைசிவரை வரவில்லை. ஒரு பொருளைத் தருகிறேன் என்று எழுதி, அதற்கே தனியாகக் காசு வாங்கி, அதுவும் வேலை செய்யாமல் போன பிறகும் காசைத் திருப்பித் தராதது ஏமாற்றுதான்.

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அவரை அப்படியே கூப்பிட்டேன். விளக்கு திரும்பி வந்ததும் காக்கா தன் அலுவலகத்திலிருந்து சின்ன மின்விசிறி ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இது கொஞ்சமாத்தான் கரண்ட் இழுக்கும். காலுமாட்டுல வச்சுக்கிட்டுப் படுங்க." வாடகை என்ன என்று நான் கேட்டதற்கு அவர் முகம் சுளித்தார். பிறகு ஒரு ஃப்ளாஸ்கில் இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் வந்தது. சண்டையில் உடம்பு சூடாகியிருந்தாலும் அந்தத் தேநீரில்தான் பல் கிட்டுவது நின்றது.

"இந்த ஊர்ல வீடெல்லாம் வெயிலுக்குக் கட்டுனது தம்பி. குளிருக்கு எதுவும் இல்லே. பணக்காரன் ஹீட்டர் வாங்குவான், மத்தவன் கோட்டோட தூங்குவான்" என்றார் காக்கா. கோட்டு இல்லாத நான் ஸ்வெட்டரோடு தூங்கினேன்.

2

ஞாயிறு காலை அந்த ஊர் வானிலை ஆய்வகத்தில் பதிவானது 3.1 டிகிரி. 1957-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. அந்த ஆய்வகம் நான் தங்கியிருந்த பக்கத்திலேயே, நேதன் சாலையை ஒட்டிய சிறு குன்றின்மேல் இருக்கிறது. 1883-இல் ஆங்கிலேயர்கள் தொடங்கியது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பை ஒட்டி 1940 முதல் 1946 வரை குறிப்புகள் இல்லை. மற்றபடி 1884-லிருந்து கணக்கு இருக்கிறது. அதில் மிகக் குறைந்தது 1893 ஜனவரி 18 அன்று பதிவான 0 டிகிரி. அந்த உறைபனியில் செடிகொடிகள் கருகியதைப் பற்றித் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் சார்லஸ் ஃபோர்ட் தனி அறிக்கையே எழுதினார்.

சைபீரியாவில் குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று தேங்குகிறது. அது சில நேரம் சீனச் சமவெளி வழியாகத் தெற்கே வழிந்து இந்தக் கடற்கரைவரை வந்துவிடுகிறது. கல்கத்தாவுக்கு இமயமலை அரணாக நிற்கிறது. ஹாங்காங்குக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. அந்த வாரம் வந்த காற்று ஹாங்காங்கோடு நிற்கவில்லை. சீனாவின் குவாங்ஜோவில் பனி தூவியது. ஜப்பானின் தெற்கே அமாமி தீவில் 115 ஆண்டுகளுக்குப் பிறகு பனி விழுந்தது. தைவானில் குளிர் தாங்காமல் பலர் இறந்தார்கள்.

இதெல்லாம் காக்கா அறைத் தொலைக்காட்சியில் பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டது. அதில் திரும்பத் திரும்பக் காட்டியது தை மோ ஷான் மலையைத்தான். ஹாங்காங்கின் உயரமான மலை அது, 957 மீட்டர். உச்சியில் மைனஸ் 6 டிகிரி. உறைபனியை நேரில் பார்க்க வேண்டும் என்று ஏராளமானவர்கள் ஏறிப் போயிருந்தார்கள். அதே நாளில் 100 கிலோமீட்டர் மலையோட்டப் போட்டி ஒன்றும் அந்த வழியாக நடந்து, பாதியில் நிறுத்தப்பட்டது. சாலை முழுக்கக் கண்ணாடியாக உறைந்திருந்தது. மக்கள் உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். காப்பாற்றப் போன தீயணைப்பு வீரர்கள் சாலையோரக் கம்பியைப் பிடித்துத் தவழ்ந்தார்கள். பனி பார்க்கிற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் எச்சரிக்கை கொடுத்த பிறகும் கைக்குழந்தையோடு ஏறியவர்களை எனக்குப் புரியவில்லை. விழுந்தால் தூக்க வருகிறவனுக்கும் இடுப்பெலும்பு ஒன்றுதான்.

மாலையில் யாவ் மா தெய் பக்கம் சாப்பிடப் போனேன். கடைக்கு வெளியே வரிசை நின்றது. அந்தக் குளிரில் எல்லோருக்கும் ஒரே யோசனை வந்திருந்தது, மண்சட்டிச் சோறு. சட்டியில் அரிசியைப் போட்டு, அது பாதி வெந்ததும் மேலே இறைச்சியை அடுக்கி, மூடி அடுப்பில் விடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிச் சட்டி. முன்கூட்டிச் சமைத்து வைப்பதில்லை. அதனால் காத்திருக்கத்தான் வேண்டும். பெரும்பாலோர் கேட்டது காய்ந்த பன்றித் தொத்திறைச்சி போட்டது. நான் கோழியும் காளானும் போட்டது சொன்னேன்.

அங்கே முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில்தான் உட்கார வைப்பார்கள். எனக்கு எதிரே ஒரு பாட்டியும் அவர் பேத்தியும். கிண்ணம், கரண்டி, குச்சிகளோடு ஒரு கூஜா சூடான தேநீரும் வந்தது. குடிக்கலாம் என்று நான் ஊற்றப் போனேன். பாட்டி கையை ஆட்டித் தடுத்தார். என் கிண்ணத்தை இழுத்து, அதில் தேநீரை ஊற்றி, குச்சிகளையும் கரண்டியையும் அதிலேயே அலசி, இன்னொரு பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். அங்கே எல்லோரும் அப்படிச் செய்கிறார்கள். மேஜை பிசுபிசுத்தது, தரையில் எலும்பு கிடந்தது, சுவரில் பல வருடத்து எண்ணெய்ப் படலம் இருந்தது. ஆனால் வாயில் வைக்கிற பாத்திரத்தை அவரவரே சுடுநீரில் கழுவுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தை நம் ஊர் ஓட்டல்களுக்கும் கொண்டுவந்துவிடலாம்.

சட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் ஆவி என் கண்ணாடியை மறைத்தது. கரண்டியை எடுத்தேன். பாட்டி மறுபடியும் தடுத்தார். இனிப்பு கலந்த சோயா சாற்றைச் சோற்றின்மேல் சுற்றி ஊற்றி, மூடியைப் போட்டு, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். பேத்தி ஆங்கிலத்தில், "கொஞ்சம் பொறுங்கள். அடியில் சோறு பிடிக்க வேண்டும்" என்றாள். கைக்குச் சூடு கிடைக்கும் என்பதாலும் பாட்டி அப்படி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அவர் விரல்கள் வெடித்திருந்தன.

மூடியை எடுத்தபோது சோயாவும் கோழிக்கொழுப்பும் இஞ்சியும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. மேலே உள்ள சோறு பொலபொலவென்று இருந்தது. நடுவில் கோழியின் சாறு இறங்கியிருந்தது. அடியில் காந்தல். பாட்டி கரண்டியைத் திருப்பிப் பிடித்து எப்படிச் சுரண்டுவது என்று காட்டினார். பழுப்பு நிறத்தில் தகடு தகடாகப் பெயர்ந்து வந்தது. கடித்தால் நொறுங்கியது, பிறகு இனித்தது. சின்ன வயதில் வெண்கலப் பானையின் அடியைச் சுரண்ட அண்ணனோடு போட்டி போட்டவன் நான். அந்தச் சட்டியில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்கவில்லை. காது, மூக்கு, கால்விரல் என்று ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

பாட்டிக்கு எண்பது வயது, தனியாக வசிக்கிறார், பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது, மின்கட்டணத்துக்குப் பயந்து போடுவதில்லை. பேத்தி இதைச் சொன்னபோது பாட்டி தன் கழுத்தில் தொங்கிய சின்னப் பொத்தானை எடுத்துக் காட்டினார். அழுத்தினால் உதவிக்கு ஆள் வரும்.

அதன் கதையை இரவு காக்கா சொன்னார். 1996-இல் இதுபோல ஒரு குளிர் வந்தபோது, தனியாக இருந்த முதியவர்கள் பலர் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் இந்த அவசர அழைப்புப் பொத்தான் சேவை தொடங்கியது. வெயிலைவிடக் குளிர்தான் அங்கே அதிகம் பேரைக் கொல்கிறது என்றார். நம்மைப் போன்ற வெயில் நாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் நம்ப முடியாத செய்தி. ஆனால் அந்த அறையில் ஓர் இரவு படுத்தவனுக்கு நம்பக் கடினமில்லை.

3

திங்கட்கிழமை மழலையர் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் குளிருக்காக விடுமுறை விட்டார்கள். மெட்ரோவில் அம்மாக்களோடு பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் என்று எழுதி வைத்திருந்த பட்டியலை எடுக்கவே மனம் வரவில்லை. படகில் ஏறினால் காற்று, மலைமேல் போனால் மேகம். ஒரு மாடிப் பேருந்தில் ஏறினேன். அந்தக் குளிரிலும் அதில் ஏ.சி. ஓடியது. காற்று மாற வேண்டும் என்பதற்காகவாம். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

கையுறை வாங்க ஷாம் ஷுய் போ போனேன். ஹாங்காங்கின் ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளில் ஒன்று. ஒரு வீட்டைப் பலகை வைத்துப் பல அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். அப்லியூ தெருவில் மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அன்று எல்லாக் கடை வாசலிலும் ஹீட்டர்கள். கேட்ட விலைக்கு விற்றுப்போய்க்கொண்டிருந்தன. பேரம் பேச யாருக்கும் நேரமில்லை.

பக்கத்தில் ஒரு சமுதாயக்கூடத்தைக் குளிர் தங்குமிடமாகத் திறந்திருந்தார்கள். குளிர் எச்சரிக்கை வந்தால் அரசாங்கமே இப்படித் திறந்துவிடுகிறது. எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. படுக்கையும் போர்வையும் அடுக்கி வைத்திருந்தார்கள். இடம் நிறையக் காலியாக இருந்தது. ஏன் என்று அங்கிருந்த இளைஞரைக் கேட்டேன். "பலர் வர மாட்டார்கள். தெருவில் இருக்கிற சாமான்களை விட்டுவிட்டு வர அவர்களுக்குப் பயம்" என்றார். எனக்கு அந்தப் பயம் நியாயமாகவே பட்டது. இரவு போர்வை கொடுக்கிற அரசாங்கம் சாமான் வைக்க ஒரு பூட்டிய அறையையும் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

வெளியே வந்தபோது ஒரு கிழவி கைவண்டி தள்ளிக்கொண்டு வந்தார். முதுகு பாதியாக வளைந்திருந்தது. அந்த ஊரில் இப்படி அட்டைப்பெட்டி பொறுக்கி விற்றுப் பிழைக்கிற முதியவர்கள் ஏராளம். ஒரு கிலோ அட்டைக்கு அப்போது ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. வண்டி மேட்டில் ஏறவில்லை. நானும் அந்த இளைஞரும் பின்னால் பிடித்துத் தள்ளினோம். அப்போதுதான் கவனித்தேன், வண்டியில் மடக்கி அடுக்கியிருந்தவை எல்லாம் ஹீட்டர் வந்த பெட்டிகள். அட்டையின் மேல் ஹீட்டர் படம் அச்சாகியிருந்தது. இளைஞர் அவரிடம் ஏதோ கேட்டுவிட்டு எனக்குச் சொன்னார்: "ஒரு மாதத்தில் இவ்வளவு பெட்டி கிடைத்ததில்லையாம். இன்றைக்கு மூன்றாவது நடை. இந்தக் குளிர் இன்னும் இரண்டு நாள் இருந்தால் நல்லது என்கிறார்."

என் புதுக் கையுறையைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். கயிறு முடிச்சுப் போட வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கடை மூடுவதற்குள் எடை போட வேண்டும் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.