ஒன்றாம் வகுப்புத் தட்டு மேலே இருந்தது

மதுரை பசுமலைப் பக்கம் எனக்கு ஒழுங்கான டீச்சர் என்று பெயர். பைக்காரா, முத்துப்பட்டி, மூலக்கரை என்று எந்தத் தெருவில் விசாரித்தாலும், "அந்த டீச்சர் வகுப்பு பளிச்சுனு இருக்கும்" என்பார்கள். பயிற்சிக் கூட்டங்களில் வகுப்பறையை எப்படி வைத்துக்கொள்வது என்று பேச என்னைத்தான் எழுப்பிவிடுவார்கள். நானும் கூசாமல் பேசியிருக்கிறேன். அந்தப் பளிச்சில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்காகச் செய்ததில்லை, விசிட் வருகிறவர்களுக்காகச் செய்தது.

செயல்வழிக் கற்றல் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் வந்தது 2007-08இல். ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறை அது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்துவைத்தார். பெஞ்சுகள் வெளியே போய்ப் பாய்கள் வந்தன. சுவரின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்தபடி எழுதுகிற உயரத்தில், பிள்ளைகளுக்கான கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். சுவரில் ஏணிப்படம். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதே சின்னம் போட்ட அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, முடித்து, திரும்ப வைக்க வேண்டும். மொத்த முறையும் பிள்ளையின் கை தட்டுக்கு எட்டுவதில்தான் நிற்கிறது.

நான் என்ன செய்தேன்? ஒன்றாம் வகுப்புத் தட்டுகளை மேலே வைத்தேன். அதற்குக் கீழே இரண்டு, அப்புறம் மூன்று, தரையோரம் நாலு. எண் வரிசை அல்லவா, ஒன்று மேலேதானே இருக்க வேண்டும்! அட்டைகளை ஓரம் பிசகாமல் நிறுத்திவைத்தேன். கேட்காமல் யாரும் எதையும் இழுக்கக் கூடாது என்று சட்டமும் போட்டேன். வந்த அதிகாரி ஒருவர், "நகைக்கடை ஷோகேஸ் மாதிரி வச்சிருக்கீங்களே டீச்சர்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பேர் வேண்டாம். வயதுக்குச் சின்ன உருவம். சத்தமே வராது. ட, ப வருகிற அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு கீழ்ப்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாள். மறுநாளும் அதே அட்டை. அடுத்த வாரமும் அதே. நான் பார்க்கும்போதெல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதால், தொந்தரவில்லாத பிள்ளை என்று விட்டுவிட்டேன். ஏணியில் அவள் எங்கே நிற்கிறாள் என்று நான் பார்க்கவே இல்லை. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மை போட்டு நெடுநாள் வராமலிருந்து திரும்பிய அன்றுதான் விஷயம் தெரிந்தது.

"அவளுக்கு மேல் தட்டு எட்டாது டீச்சர். நாந்தான் எடுத்துக் குடுப்பேன். நான் வரலைன்னா பழசையே எழுதுவா."

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று அவளிடம் அதட்டினேன். ஆமாம், அதட்டத்தான் செய்தேன். அவள் வாயே திறக்கவில்லை. நான் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது கிட்டே வந்து கேட்கும் தைரியம் எந்த ஆறு வயதுப் பிள்ளைக்கும் என் வகுப்பில் இருந்ததில்லை.

பெரிய பையன் சின்னவளுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை காலத்துப் பழக்கம். எழும்பூர் அனாதை ஆசிரமத்துப் பள்ளியை 1789 முதல் கவனித்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கிருந்த பெரிய வாத்தியார்கள் இதெல்லாம் நடக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். அவர் அந்த வேலையை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தார், நடந்தது. அதைப் புத்தகமாக எழுதி 1797இல் லண்டனில் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் பரவியது அதுதான். இந்தக் கதையைப் பயிற்சிக் கூட்டங்களில் ரசித்துச் சொல்லிவந்தவள் நான். அதுவும் எந்த ஊரில்? 1845இல் அமெரிக்க மிஷன் திருமங்கலத்திலிருந்து தன் செமினரியைக் கொண்டுவந்து வைத்து, உபதேசியாரும் வாத்தியாருமாக ஆட்களைத் தயார்செய்த பசுமலையில். கைவிரித்த வாத்தியார்களின் ஜாதி நானே என்பது மட்டும் எனக்கு உறைத்ததில்லை.

அடுக்கைத் தலைகீழாக மாற்ற ஒரு மத்தியானம் கூடப் பிடிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பு தரையோரம், நாலு மேலே. ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் உள்ளே இருக்க வேண்டிய அட்டையின் சின்னத்தை வரைந்து ஒட்டினோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் சரியான தட்டில் திரும்ப வைக்கும். சாயங்காலம் எல்லாம் அடுக்கி முடித்த நிலையில் அடுக்கை போனில் படம் பிடித்து, பைக்காரா ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு அதன் பக்கத்திலேயே ஒட்டினேன். 'அடுக்கி வை' என்று நான் கத்துவது நின்றது, படத்தைப் பார்த்து அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். பென்சிலுக்கும் அப்படியே ஒரு வழி. ஆளுக்கொரு டப்பா இருந்தவரை, தினம் களவு பஞ்சாயத்து. குழுவுக்கு ஒரு டின், காலையில் ஒரு பிள்ளை சீவி வைக்கும் என்று ஆக்கியபிறகு பஞ்சாயத்து பெரும்பாலும் ஒழிந்தது. அழிரப்பர் மட்டும் இன்றைக்கும் காணாமல்தான் போகிறது.

இதோடு திருந்தினேன் என்றால் பொய். கருவி மாறியது, நான் அதே ஆள். 2018இல் ஒன்றாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தபோது ஆங்காங்கே க்யூஆர் கோடு இருந்தது. தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் காணொளி வரும். பயிற்சியில் தலையாட்டிவிட்டு வந்து வெகுநாள் ஒன்றைக்கூட ஸ்கேன் செய்யவில்லை. கேட்டால், 'டவர் கிடைக்கலை சார்' என்பேன். டவர் கிடைக்காதது நிஜம், வீட்டிலேயே வைஃபையில் இறக்கி எடுத்துப்போகலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்ததும் நிஜம். வகுப்பறைக்குத் திரை வந்தது. அதற்கு உறை தைத்துப் போட்டு, ரிமோட்டை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். போட்ட நாட்களிலும் எதற்குப் போட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் பாட்டுப் பார்க்கட்டும், அதற்குள் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றிவிடலாம் என்று. பாட்டு முடிந்து அடுத்தது தானே ஓட ஆரம்பித்ததைக் கூடக் கவனிக்காமல் போனைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாவி விஷயமும் உண்டு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் ஆரம்பித்த காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தபின், பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு மணி அடிக்கும்வரை வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கதைப் புத்தகங்கள் வைக்கும் வாசிப்புக் களம் பூட்டிய கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. புத்தகம் கிழிந்துவிடுமாம். இப்போது அந்தப் புத்தகங்களைப் பந்தலில் தொங்கும் படங்களைப் போல, கொடிக்கயிறு கட்டி வராந்தாவிலேயே கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறோம். கிழிகிறதுதான். செல்லோ டேப் ஒட்டுகிற வேலை இரண்டு பெண்களுக்கு.

உருப்படியாகப் பயன்பட்ட தொழில்நுட்பத்தை எனக்குக் காட்டியது பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர், சின்னப் பெண் ஒருத்தி. "அக்கா, உங்க போன்ல வாய்ஸ் ரெக்கார்டர் இருக்குல்ல, அது போதும்" என்றாள். மாதம் பிறந்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிப்பதைப் பதிவு செய்து, பிள்ளையின் பெயரும் மாதமும் போட்டு வைக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்காவிட்டால் பிறகு தேடியே பொழுது போய்விடும். போனை ஃப்ளைட் மோடில் போட்டுக்கொண்டால் நடுவில் எந்த அழைப்பும் வராது. குழு மாற டைமர் வைத்தாள். மணி ஒலித்ததும் பிள்ளைகள் தாங்களே இடம் மாறுகிறார்கள், என் தொண்டை தப்பித்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாக்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் நான் பத்தி பத்தியாகத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் குரல்பதிவாகச் சொல்ல வைத்தாள்.

ஜூன் மாதப் பதிவையும் அக்டோபர் மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியபோது, கட்டட வேலைக்குப் போகும் ஒரு அம்மா, "இது எம் புள்ளையா டீச்சர்?" என்று இன்னொரு தடவை போடச் சொன்னார். மதிப்பெண் பட்டியலில் எத்தனையோ கையெழுத்து வாங்கியிருக்கிறேன், யாரும் இன்னொரு தடவை கேட்டதில்லை.

அந்தப் பதிவுகள்தான் இப்போது என்னை மாட்டிவிட்டன. 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். நல்ல ஏற்பாடு, பின்தங்கிய பிள்ளைக்கு அதற்குரிய பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் என் வகுப்பில் அரும்பு அதிகமாகத் தெரிந்தால் கூட்டத்தில் என்ன நினைப்பார்களோ என்று, மதிப்பீட்டில் சில பிள்ளைகளுக்குத் தாராளமாக டிக் போட்டேன். யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை. மதிப்பீட்டைப் பதிகிற செயலியில் ஒரு பையன் மொட்டு. என் போனில் அதே பையன், அதே மாதம், 'மரம்' என்ற சொல்லை 'ம... ர...' என்று இழுத்து நிறுத்திவிடுகிறான். அந்தச் செயலி இருக்கிற, 2024இல் அரசு கொடுத்த கைக்கணினியும் என் போனும் ஒரே கைப்பையில்தான் இருக்கின்றன. அவனைத் தனியாக அழைத்து அரும்புப் பயிற்சியைச் செய்யவைக்கிறேன். பதிவேட்டில் அவன் இன்னும் மொட்டுதான். அடுத்த மதிப்பீட்டில் அவன் வாசிப்பது எதுவோ அதைத்தான் போடுவேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், டிக் போடும்போது பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லியும் கேட்டிருக்கிறேன்.