எதைப் பெயர்த்தெழுதுவது?

சிதைந்த ஏட்டைப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதியவர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: மூலத்தில் உள்ள பிழையையும் படியெடுப்பதா, திருத்துவதா? வணிக மென்பொருளைப் புதுப்பிக்கத் திட்டமிடுவோர்க்கும் இதே ஐயந்தான்.

ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம், பழைய ஈ.சி.சி. மென்பொருளின் பிந்தைய பதிப்புகளுக்கு 2027 இறுதிவரையே வழக்கமான பராமரிப்பை அறிவித்துள்ளது. கூடுதல் கட்டணத்துடன் 2030 வரை நீட்டிக்கலாம். பயன்படுத்துவோர் நாள் எண்ணுகின்றனர். ஆயினும் நாளைவிட முதன்மையான வினா, எவ்வழக்கங்களை உடன் கொண்டுசெல்வது என்பதே.

லிடில் அங்காடி நிறுவனம் 2011இல் எஸ்.ஏ.பி.க்கு மாறும் பணியைத் தொடங்கியது. கையிருப்புச் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அதன் வழக்கம்; மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை விட மனமின்றி மென்பொருளை வளைத்தனர். ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவானதாகச் செய்திகள் கூறிய நிலையில், 2018இல் திட்டம் கைவிடப்பட்டது.

அதற்காக எல்லா வழக்கத்தையும் உதறிவிட இயலுமா? நம் கல்லூரியின் கட்டண மென்பொருளை மாற்றும் குழுவில் நாமும் இருந்தோம். பழைய திரையின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, 'இது எதற்கு?' என்று அலுவலக உதவியாளரிடம் கேட்டோம். சிலவற்றுக்கு எவரிடமும் விடையில்லை, நீக்கினோம். ஒரு கட்டம், அறுவடைக்குப் பின் கட்டணம் செலுத்தும் மாணவர்க்கானது. புதிய மென்பொருளில் அதற்கு இடமில்லை. தவணை தவறினால் பெயர் தானே நீங்கிவிடும். விற்க வந்தவர் அதையும் விட்டுவிடச் சொன்னார். நாம் இசையவில்லை. கூடுதல் செலவானாலும் அக்கட்டம் சேர்க்கப்பட்டது.

அந்த 'எதற்கு?' என்னும் வினாவைக் கெடுநாள் நெருங்குமுன் கேட்டுவிட வேண்டும். விடை அறிந்தவர் பணி ஓய்வு பெறுமுன்னும்.