கரிமருந்து ஏறாத விமானம்

டொராண்டோவிலிருந்து வடமேற்கு ஒன்ராறியோவின் ஏரிக்காடுகளுக்கு மூஸ் வேட்டைக்குப் போகிறவர் தன் துவக்கை விமானத்தில் கொண்டுபோகலாம். மருந்து போடாத துவக்கைக் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டி, பயணப்பதிவு மேசையில் சொல்லிவிட்டால் சரக்கறையில் ஏற்றிக்கொள்வார்கள். விமான நிறுவனம் சம்மதித்தால் பித்தளைக் கூடுள்ள தோட்டாக்களையும் ஒருவர் 5 கிலோ வரை கொண்டுபோகலாம். என்னுடையதோ குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டு இடிக்கும் பழைய பாணித் துவக்கு. மட்டக்களப்புப் பக்கம் இதை இடியன் என்பார்கள். இதற்கு வேண்டிய கரிமருந்தில் ஒரு சிட்டிகைகூடப் பயணிகள் விமானத்தில் ஏற முடியாது. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. பொறி தரும் சின்னக் கேப்புகளுக்கும், கரிமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவற்றுக்கும் அதே தடைதான்.

காரணம் மருந்துக்குள்ளேயே இருக்கிறது. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது கரிமருந்து. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனை அந்த உப்பே கொடுத்துவிடுவதால் வெளிக்காற்று தேவையில்லை, ஒரு பொறி போதும். சரக்கறையில் தீப்பிடித்தால் ஹாலோன் வாயுவைப் பாய்ச்சி அடக்குவது வழக்கம். ஒட்சிசனைத் தானே தரும் பொருள் எரியத் தொடங்கினால் அந்த வாயுவால் அதை அடக்க முடியாது. 1996 மே 11ஆம் திகதி மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யுஜெட் 592ஆம் விமானத்தில் நடந்தது இதற்கு நெருங்கிய உதாரணம். காற்றுப் புகாத அறையில் தீ தானாக அணைந்துவிடும் என்று நம்பிக் கட்டிய சரக்கறை அது. அதில் ஏற்றியிருந்த ஒட்சிசன் தயாரிக்கும் குப்பிகள் தீயை ஊட்டி வளர்த்தன. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 110 பேரும் மாண்டார்கள். அந்த விபத்தைப் பற்றிப் படித்த பிறகு இந்தத் தடை எனக்குத் தொல்லையாகத் தோன்றியதே இல்லை.

நான் இலங்கையின் ஹாலிஎலைக்காரன். 1924இல் பதுளை வரை நீண்ட ரயில் பாதையில், கடைசி நிலையத்துக்கு முந்தைய நிலையம் எங்களுடையது. நமுனுகுல மலையைப் பார்த்தபடி நிற்கும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தோம். துவக்கு என்றால் அங்கே பெரிய தொரையின் பங்களாவில் இருக்கும் பொருள். தொரை வேட்டைக்குப் போனால் எங்கள் தாத்தா காட்டைக் கலைக்கப் போவார். தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டுப் பன்றியை வெளியே விரட்டுவது அவர் வேலை. சுடுவது தொரையின் வேலை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. வாக்குச் சீட்டே இல்லாத மனிதர் துவக்கு உரிமம் கேட்டு எந்தக் கந்தோருக்குப் போவார்? கனடாவில் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதி, என் பெயரும் படமும் போட்ட துவக்கு உரிமத்தை வாங்கினேன். அரசாங்கம் என்னை நம்பி ஒரு பொறுப்பைத் தந்திருக்கிறது என்று தாத்தாவின் பேரனாக நான் நெஞ்சாரப் பெருமைப்பட்டேன்.

"அந்தக் காலத்துத் துவக்கு என்னத்துக்கு மச்சான்? அங்க நல்லது கெடைக்காதா?" என்று ஹாலிஎலையில் இருக்கும் என் மச்சான் தொலைபேசியில் கேட்டான். எத்தனையோ நல்ல துவக்குகள் இங்கே கிடைக்கின்றன. இடியனில் ஒரே வெடிதான். அடுத்ததற்கு மறுபடி மருந்து அளந்து, குண்டு இறக்கி, கோலால் இடிக்க வேண்டும். அதனால் மிருகத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும், நிச்சயமில்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

விமானத்தில் ஏறாத மருந்தைப் போகிற இடத்தில்தான் வாங்க வேண்டும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். தண்டர் பே வரை பெரிய விமானம், அங்கிருந்து ஸூ லுக்அவுட் வரை கார், அதற்கப்பால் ஏரியில் இறங்கும் மிதவை விமானம் என்பது என் வழி. தண்டர் பேயில் உள்ள கடைகளுக்கு முன்கூட்டியே பேசி, இருப்பதை எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். புகையில்லா மருந்தைவிடக் கரிமருந்தைச் சேமித்து வைக்கக் கட்டுப்பாடுகள் கூடுதல். ஆகவே பல கடைகள் மாற்று மருந்தோடு நின்றுவிடும். கேப் போடும் இடியனுக்கு மாற்று மருந்து போதும். சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பும் துவக்குக்கு அது சரிவராது, பற்றுவதற்கு அதிகச் சூடு வேண்டும். அதற்கு அசல் கரிமருந்துதான். அமெரிக்காவின் பேர்பெற்ற கரிமருந்து ஆலையான கோயெக்ஸை மூடப்போவதாக 2021இல் அறிவித்தபோது இடியன்காரர்கள் கலங்கிப்போனார்கள். மறு ஆண்டு எஸ்டெஸ் நிறுவனம் அதை எடுத்து நடத்த முன்வந்தது.

கடையில் மருந்தின் மணிப் பருமனையும் கேட்க வேண்டும். பெரிய குழலுக்கு இரண்டு எஃப், சின்னக் குழலுக்கு மூன்று எஃப், சக்கிமுக்கியின் கிண்ணத்துக்கு மாவு போன்ற நாலு எஃப். அளவும் முக்கியம். ஒரு வெடிக்கு 90 கிரெய்ன் என்றால் 6 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு இறாத்தல் தகரத்தில் 7000 கிரெய்ன் இருக்கிறது, எழுபதுக்கு மேற்பட்ட வெடிகளுக்குக் காணும். வேட்டைக்காரருக்குத் தேவையோ ஒரு கைப்பிடி. மிஞ்சியதைத் திரும்பும்போதும் விமானத்தில் ஏற்ற முடியாது. துவக்கையும் சுடுநீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரித்துவிடும். மருந்து வாடையோடு துவக்கைப் பெட்டியில் அடைத்தால் விமான நிலையத்தின் வெடிபொருள் சோதனையிலும் அகப்படும்.

மிதவை விமானத்துக்கும் இதே கேள்வி உண்டு. விமானிக்குத் தெரியாமல் எதையும் மூட்டையில் ஒளிக்கக்கூடாது. அவர் முடியாது என்றால், குளிர்காலப் பனிவழியிலோ படகிலோ முன்பே மருந்தைக் கொண்டுபோய் வைத்திருக்கும் வழிகாட்டியைத்தான் நம்ப வேண்டும். நான் போகும் காடு அனிஷினாபே மக்களின் நிலம். 1873 ஒக்டோபர் 3ஆம் திகதி அவர்கள் பிரித்தானிய முடியோடு செய்துகொண்ட மூன்றாம் ஒப்பந்தத்தில், வெடிமருந்து, குண்டு வகைகளுக்கும் மீன்வலை பின்னும் நூலுக்குமாக ஆண்டுதோறும் 1500 டாலர் தரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. வேட்டையும் மீனும் இல்லாமல் அந்த மண்ணில் பிழைப்பில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான என் வழிகாட்டியிடம் மருந்து கேட்கும்போது, எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது, எந்த மிருகத்தை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன். கையில் மருந்தோடு வந்து இறங்கியிருந்தால் இத்தனையையும் கேட்டிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

இந்த இடத்தில் எனக்குப் பதுளையின் மேஜர் ரோஜர்ஸ் நினைவுக்கு வருகிறார். பிரித்தானிய ஆட்சியில் பதுளையை நிர்வகித்த தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையில் உள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் காலத்துத் துவக்குகளும் குழல்வாயில் மருந்திடுபவையே. கண்டி நாட்டார் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கும் முறையை இராணுவ வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். மருந்தறிவு அந்த மண்ணில் இருந்தது. ஆனால் 1818இல் ஊவா – வெல்லஸ்ஸ கிளர்ச்சி நசுக்கப்பட்ட பிறகு அதிகாரம் முழுக்க வெள்ளைக்காரர் கைக்குப் போனது. மருந்துக்காகவோ காட்டுக்காகவோ ஊர்க்காரர் எவரிடமும் கேட்டு நிற்கவேண்டிய அவசியம் ரோஜர்ஸுக்கு இருக்கவில்லை. யாரையும் கேட்கத் தேவையில்லாதவர் கையில் மருந்து இருந்தால் கணக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது.

பதுளை அடங்கிய இன்றைய ஊவாவில் மருந்து வேறொரு விதத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. காட்டுப்பன்றி மரக்கறித் தோட்டத்தை ஓரிரவில் உழுதுவிடும். ஒரு போகத்தின் உழைப்பு போய்விடும். அந்த வயிற்றெரிச்சலில் மிருகத் தடத்தில் கட்டுத்துவக்கு வைத்துவிடுகிறார்கள். குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். பன்றி எது, விறகு பொறுக்கப் போன பெண் எவர் என்று அதற்குத் தெரியாது. இலங்கையின் ஆஸ்பத்திரிகளுக்குக் கால் சிதைந்து வருகிறவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஹக்க பட்டாஸ் இன்னும் கொடுமை. தீனிக்குள் மறைத்த வெடி பன்றிக்கென்று வைக்கப்படுகிறது, யானைக்குட்டி கடித்து, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது.

"தோட்டத்துக்கு மேல காட்டுப்பக்கம் இப்ப புள்ளைகள அனுப்புறதில்ல மச்சான்," என்று ஹாலிஎலை மச்சான் சொன்னபோது, நாங்கள் விளையாடித் திரிந்த இடங்கள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன.

விவசாயியின் நட்டம் உண்மையானது. அவரைத் திட்டுவதால் பன்றி வராமல் இருக்கப்போவதில்லை. பயிரைக் காக்க வெடி தேவைப்பட்டால் உரிமம் உள்ள ஒருவர் துவக்குக்குப் பின்னால் நிற்கட்டும். மருந்தைக் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எவ்வளவு என்று ஊரில் ஒரு பதிவு இருக்கட்டும். வனசீவராசிகள் திணைக்களமும் கமக்காரர் சங்கமும் தோட்ட நிர்வாகமும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் இதற்கு வழி பிறக்கும். தோட்டத்து மக்களையும் அந்தப் பேச்சில் உட்கார வைக்க வேண்டும். காட்டோரத்தில் நடக்கும் கால்கள் அவர்களுடையவை.

வேட்டை முடிந்ததும் தகரத்தில் மிஞ்சியதை உரிமம் உள்ள வழிகாட்டியிடமே ஒப்படைத்துவிடுகிறேன். எவ்வளவு என்று இருவரும் பார்த்துக்கொள்கிறோம். மருந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, பெயர் தெரிந்து, கண்ணெதிரே போகிறது. அப்படிப் போகும் வரையில் சுடுகிறவருக்குப் பொறுப்பு இருக்கும், காட்டில் நடக்கிறவருக்குப் பயம் குறையும். கனடாவில் நான் பின்பற்றும் இந்த ஒழுங்கு ஹாலிஎலையின் பிள்ளைகளுக்கும் உரியது. அதை அவர்களுக்காகக் கேட்கும் கடமை, அங்கிருந்து வெளியேறி வந்த எங்களுக்கும் உண்டு.