கடதாசி மணிமாலை

பொன்னால் அணி செய்விப்போர் பலர். கடதாசியால் அணி செய்வோர் சிலர். அச்சிலருள் ஒருவனாக யான் ஆனது கலை விருப்பத்தாலன்று, கைப்பொருட் குறைவினாலேயே. இம்மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றை எடுத்து விரித்து எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். எனினும், ஏறக்குறைய இருபதாண்டு காலம் வகுப்பறையில் யான் கற்பித்தவற்றினும், ஒரு மாணவனும் அவன் பாட்டியாரும் எனக்குக் கற்பித்தது பெரிதாகலின், அதனையே எழுதத் துணிந்தேன்.

2018ஆம் ஆண்டு நம் கல்லூரித் தமிழ் விழாவுக்கு வள்ளி திருமணத்தை நாடகமாக்க முடிவு செய்தோம். கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தின் இறுதிப் படலத்துக் கதை அது. தினைப்புனமும் பரணும் கவணும் மாணாக்கர் எளிதில் அமைத்தனர். வேடுவர் கூட்டம் பூணவேண்டிய அணிகலன்களுக்கே வழி தோன்றவில்லை. வாடகைக்குக் கேட்டபோது சொல்லப்பட்ட தொகை, நாடகத்தின் முழுச் செலவினும் மிகுதியாயிருந்தது. அவ்வேளையிலேதான் வீட்டு மூலையிற் கட்டுக் கட்டாகக் கிடந்த பழைய வினாத்தாள்களும் அப்பியாசக் கொப்பிகளும் என் கண்ணிற் பட்டன.

கடதாசி மணி செய்யும் முறை எளிது. அடி இரண்டு சென்ரிமீற்றரும் நீளம் இருபத்தைந்து சென்ரிமீற்றரும் உள்ளதாய், நுனி கூர்ந்து செல்லும் முக்கோணமாகக் கடதாசியை வெட்டிக்கொள்ளல் வேண்டும். அகன்ற அடியைத் தென்னை ஈர்க்கின் மேல் வைத்து இறுகச் சுருட்டி வந்து, நுனியைப் பசையால் ஒட்டி, ஈர்க்கை உருவிவிட்டால், நடு பருத்து இருபுறமும் ஒடுங்கிய மணி ஒன்று கிடைக்கும். ஒரே அகலமுள்ள நாடாவாக வெட்டிச் சுருட்டினாற் குழல் மணியாகும். காய்ந்த பின் இருமுறை வாணிசு பூசினால் நீர் பட்டாலும் எளிதிற் குலையாது. உகண்டா நாட்டுக் கம்பாலா நகரிலே, வடக்கில் மூண்ட போரால் ஊரிழந்து வந்த அச்சோலிப் பெண்கள் பலர் இவ்வாறு மணி சுருட்டி விற்றுப் பிள்ளைகளைக் காத்தனர் என்று அறிந்தபோது, இடப்பெயர்வின் துயரை அறிந்த என் உள்ளம் அத்தொழிலை மேலும் மதித்தது.

குன்றிமணிக்குக் கடதாசிக் கூழ் பயன்பட்டது. கிழித்த கடதாசியை இரவு முழுதும் ஊறவைத்து இடித்து, கோதுமை மாப் பசையும், பூச்சி அரியாதிருக்கச் சிறிது வெந்தயப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கி, ஈரம் உலருமுன் ஊசியால் துளையிட்டு, நிழலில் உலர்த்திச் செந்நிறமும் ஒரு கரும்புள்ளியும் தீட்டினோம். மெய்யான குன்றிமணியின் விதை கொடிய நஞ்சு. சிறுவர் கையிற் கொடுக்கத்தகாதது. இவ்வகையிற் போலி, மெய்யினும் நன்றாயிற்று. என் மனைவியும் மகளும் துணை செய்ய, இரண்டு கிழமைகளாக எங்கள் திண்ணை தட்டார் பட்டடையாகவே விளங்கிற்று.

அத்துடன் நின்றிருப்பேனாயின் இக்கட்டுரைக்கு இடமில்லை. “வேடுவர்” என்றவுடன், திரைப்படங்களிற் கண்ட உருவங்களே என் நினைவில் எழுந்தன. கூழால் மண்டையோடுகள் செய்து மாலையாகக் கோத்தேன். எலும்புத் துண்டுகளும், பறவை இறகு செருகிய முடிகளும் செய்தேன். முகத்திற் பூசக் கரியும் எடுத்து வைத்தேன். நம்பிராசனாக நடிப்பதற்குக் கணீரென்ற குரலுடைய விடுதி மாணவன் ஒருவனைத் தெரிந்திருந்தேன். ஒத்திகையன்று மண்டையோட்டு மாலையை அவன் கழுத்தில் யானே இட்டேன். மற்றை மாணவர் வாயிற் கையை அடித்துக் கூக்குரலிட்டுச் சிரித்தனர். யானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவன் ஒத்திகைக்கு வரவில்லை. விடுதிக்குச் சென்று விசாரித்தேன்.

“சேர், எனக்கு வேற வேசம் ஏதும் தாங்கோ,” என்றான்.

“ஏன் தம்பி, இராசா வேடம் பிடிக்கவில்லையா?”

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்: “எங்கட அம்மம்மா வேடர் ஆக்கள், சேர். அவ ஒரு நாளும் மண்டையோடு கட்டினதில்ல.”

அச்சொல் என்னைச் சுட்டது. கிழக்குக் கரையிலே மூதூர், வெருகல், வாகரைப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் குடிகள் வாழ்தலை யான் அறியாதவனல்லேன். 1911இல் செலிக்மான் தம்பதியர் வெளியிட்ட வேடர் பற்றிய நூலிலும் இக்கரையோர வேடர் பேசப்படுகின்றனர். அறிந்திருந்தும், அவர் பேரன் என் வகுப்பிலேயே இருக்கக்கூடும் என்று எண்ணினேனல்லேன். சங்கச் செய்யுளிற் புலிப்பல் கோத்த தாலி இளையோர் பூணும் அணியாக வருவதை ஆண்டுதோறும் கற்பித்தவன் யான். தலையோடு அணிந்த குறவரை யான் கற்பித்த செய்யுள் எதிலும் கண்டதில்லை. கற்பித்தது நூலோடு நின்றது. கை செய்தது திரைப்படம் காட்டியதை.

“உன் அம்மம்மாவிடம் என்னை அழைத்துச் செல்வாயா?” என்று கேட்டேன். அவன் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

சனிக்கிழமை காலை இருவரும் பேருந்தேறி, வெருகலுக்கு அண்மையிலுள்ள அவனூரை அடைந்தோம். மூதாட்டியார் முற்றத்திற் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்டுகள் கதிர்காமத்துக்கு நடந்து சென்றவர். வந்த காரியத்தை மறையாது சொன்னேன். செய்த பிழையையும் சொன்னேன். அவர் சினக்கவில்லை, சிரித்தார்.

“வாத்தியார், காட்டுக்குத் தேனெடுக்கப் போறவன் கழுத்தில கனக்கக் கட்டுவானோ? கொப்பில மாட்டாதோ?” என்றார். பின்னர் உள்ளே சென்று துணிமுடிச்சொன்றைக் கொண்டுவந்து அவிழ்த்தார். கறுப்பும் சிவப்புமான சிறு பாசிமணிகள் ஒற்றைச் சரமாகக் கோக்கப்பட்டிருந்தன. அவர் தாயார் அணிந்தது. போர்க்காலத்து ஓட்டங்களிலெல்லாம் அதனை மடியிற் செருகிக்கொண்டே ஓடியதாகக் கூறினார். “வள்ளி எங்கட பிள்ளை. பிள்ளையைக் கட்டிக் குடுக்கிற தகப்பனைப் பேய் மாதிரிக் காட்டலாமோ?” என்று கேட்டார். விடை கூற எனக்கு நாவெழவில்லை.

கொண்டு சென்ற கடதாசியையும் ஈர்க்கையும் எடுத்துச் சுருட்டும் முறையைக் காட்டினேன். பாயிழைத்துப் பழகிய அவர் விரல்கள், மூன்றாவது மணியிலேயே என் விரல்களை வென்றன. பேரன் வெட்டிக் கொடுக்க, பாட்டி சுருட்ட, யான் பசை தடவினேன். மாலைக்குள் நம்பிராசனுக்குரிய சரம் நிறைவெய்திற்று.

வீடு திரும்பியதும் மண்டையோடுகளை நீரில் இட்டு மீண்டும் கூழாக்கினேன். கடதாசியின் பெருமை அது. பிழையை ஊறவைத்துப் பிறிதொன்றாகப் பிசைந்துகொள்ளலாம். அக்கூழே வேடுவ மகளிரின் மணிகளாயிற்று. முகத்துக்குக் கரி பூசவில்லை. கூக்குரலிட்ட மாணவர்க்கு யான் பிரம்பெடுக்கவில்லை. அவர்களோடு யானும் சிரித்தவனன்றோ? என் தவற்றை அவர்கள் முன்னிலையிற் சொல்லி, மணி சுருட்ட அவர்களையே அமர்த்தினேன். நாடகத்தன்று அவன் மேடையேறி, மகளின் கையை முருகன் கையிற் கொடுத்தபோது மண்டபம் அமைதியாயிருந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் சேலைத் தலைப்பாற் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இக்காலத்தே உலகெங்கும் பழங்குடியினரின் அணிகளைப் பார்த்துச் செய்தணிவோர் பலர். அது தவறன்று. ஆயின், கிழக்காபிரிக்க மாசாய்ப் பெண்டிர் கோக்கும் வட்ட மணியாரமாயினும், நாகர் சூடும் இருவாட்சி இறகாயினும், ஒவ்வொன்றும் ஒரு குடியின் வாழ்வோடு பிணைந்தது. அணியைச் செய்யுமுன் அணிந்தவரை அறிதல் வேண்டும். அறிதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. சில வேளை அடுத்த வாங்கில் இருப்பவனைக் கேட்டாற் போதும்.

அம்மாணவன் இன்று நம் பழைய மாணவருள் ஒருவன். அவன் கழுத்தில் அன்று கிடந்த சரம் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது. வாணிசு மங்கிய இடங்களிற் பழைய வினாத்தாளின் எழுத்துக்கள் தெரிகின்றன. யான் பிறரைக் கேட்ட வினாக்கள் அவை. அவற்றைச் சுருட்டி எனக்கே திருப்பிக் கேட்டவர் அம்மூதாட்டியார். விழாக் காணும் நம் கல்லூரி, தன் வாயிலில் நுழையும் எக்குடிப் பிள்ளையும் தலைநிமிர்ந்து நிற்கும் இடமாக என்றும் விளங்குவதாக.